எந்த விளம்பரம் விற்றுத் தந்தது? இணையக் கடை வைத்துள்ள விவசாயிகள் கணக்குப் பார்க்கும் முறை

தாம்பரம், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வட்டாரத்தில் குடியிருப்புகள் பெருகிவிட்டன. அரிசி, செக்கு எண்ணெய், காய்கறி ஆகியவற்றை நேரடியாக வாங்குவோர் கிராமத்தின் எல்லையிலேயே இருக்கின்றனர். எனவே சிறு விவசாயிகள் சிலர் கைப்பேசி வழியே ஆர்டர் எடுக்க இணையக் கடை திறக்கின்றனர். விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வருகிறதா என்பதை இவர்கள் மாதந்தோறும் பார்க்க வேண்டும்.

இணைப்புக்கு அடையாளம் இடுதல்

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒவ்வொருவர் குவியலுக்கும் தனிச் சீட்டு வைப்பது வழக்கம். அதுபோல ஒவ்வோர் இடத்திலும் கொடுக்கும் கடை இணைப்புக்குத் தனி அடையாளம் இட வேண்டும். இணைப்பின் கடைசியில் கேள்விக்குறி இட்டு இது சேர்க்கப்படுகிறது. இதற்கு யு.டி.எம். குறி என்று பெயர். அர்ச்சின் என்ற நிறுவனத்தின் முறை இது. 2005-ல் அந்நிறுவனத்தை கூகுள் வாங்கியது. மூன்று குறிகள் முக்கியமானவை:

1. வாங்குபவர் எங்கிருந்து வந்தார்: வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப்.
2. எவ்வகையில் வந்தார்: கட்டண விளம்பரம், இலவசச் செய்தி.
3. எந்த விற்பனைக்காக வந்தார்: பொங்கல் பச்சரிசி, கோடை நல்லெண்ணெய்.

இணைப்பைத் தொட்டவுடன் 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பு அவரது கைப்பேசியில் பதிகிறது. பணம் கட்டும்போது கடை அதைப் படித்து, ஆர்டரை உரிய பிரிவில் சேர்க்கிறது.

கடைசித் தொடுதலுக்கே பெயர்

பல கடைகள், வாங்குபவர் கடைசியாகத் தொட்ட இணைப்புக்கே முழு விற்பனையையும் எழுதுகின்றன. அமேசான் நிறுவனம் 1996 முதல், ஆள் அனுப்பி வைப்பவர்களுக்குக் கமிஷன் கொடுக்கிறது. அங்கே பொதுவாக 24 மணி நேரக் கெடு உண்டு. இடையில் வேறொருவர் இணைப்பைத் தொட்டால் கமிஷன் அவருக்குப் போய்விடும்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. பேஸ்புக்கில் அரிசியைப் பார்த்தவர், நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப் செய்தியைத் தொட்டு வாங்கினால், பேஸ்புக்கின் பங்கு கணக்கில் வராது.

ஒரு மாதிரிக் கணக்கு

10 கிலோ அரிசிச் சிப்பத்தில் லாபம் ரூ.150 என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 17 ஆர்டர். பேஸ்புக் விளம்பரச் செலவு ரூ.1,500, அதன் பெயரில் 5 ஆர்டர். செலவில்லாத வாட்ஸ்அப் பெயரில் 12 ஆர்டர். பேஸ்புக் ஆர்டர் ஒன்றுக்குச் செலவு ரூ.300. பார்வைக்கு இது நஷ்டம்.

உடனே முடிவு செய்ய வேண்டாம். புது உரத்தைச் சோதிக்க, உரமிடாத பாத்தி ஒன்றை விட்டு வைக்கிறோம் அல்லவா? அப்படியே ஒரு மாதம் விளம்பரத்தை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். மொத்த ஆர்டர் 12 ஆனால், விளம்பரம் தந்தது 5 தான், விட்டுவிடலாம். மொத்தம் 5 ஆகக் குறைந்தால், விளம்பரம் தந்தது 12 ஆர்டர். ஒன்றுக்குச் செலவு ரூ.125, சிப்பத்துக்கு ரூ.25 மிச்சம். பண்டிகை மாதத்தில் விற்பனை தானாகவே மாறும் என்பதால் அப்போது இச்சோதனை கூடாது.

கவனிக்க வேண்டியவை

* குறியை எப்போதும் ஒரே எழுத்தில் எழுதவும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் கணக்கு இரண்டாகப் பிரியும்.
* குறி இடாத வாட்ஸ்அப் இணைப்பு பெரும்பாலும் 'நேரடி வரவு' என்ற பிரிவில் விழும்.
* திரும்பி வந்த சிப்பங்களைக் கழித்த பிறகே லாபம் பார்க்கவும்.
* குக்கியை அழிப்பவர்களும், இரண்டு கைப்பேசி வைத்திருப்பவர்களும் கணக்கில் தப்புவர். ஆகவே சரக்கு கொடுக்கும்போது, "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு நோட்டில் குறிக்கவும்.

விளம்பரம் பிடிப்பவர் காட்டும் கணக்கோடு சொந்த நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பின்னரே அடுத்த மாதத்துக்குப் பணம் கட்டுவது நல்லது.