முதிய நாயும் தலைச்சுற்று நோயும்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் மூத்தது நாய். ஆடும் மாடும் தொழுவம் புகுவதற்கு முன்னரே நாய் அவனுடைய அடுப்பங்கரையை அடைந்துவிட்டது. பழந்தமிழர் அதனை ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்கினர். எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வால் குழைக்கும் அதன் இயல்பைப் பாராட்டி, யானையின் நட்பினும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்றது நாலடியார். இத்துணை நெருக்கம் இருந்தும், நாயின் முதுமையைப் பற்றி மக்கள் அறிந்தது குறைவே. முன்னாளில் நாய்கள் முதுமை எய்துதல் அரிது. நல்லுணவும் தடுப்பூசியும் பெருகிய இக்காலத்திலோ, வீட்டு நாய்கள் 12, 13 ஆண்டுகள் வாழ்தல் இயல்பாயிற்று. சிற்றுருவ நாய்கள் 15 ஆண்டுகளும் வாழ்கின்றன. ஆயுள் நீண்டமையால் முதுமைக்குரிய பிணிகளும் கண்ணிற் படலாயின. அவற்றுள் காண்போர் நெஞ்சை மிகவும் நடுங்கச் செய்வது ஒன்று உண்டு.

முதல்நாள் இரவு நன்றாக உண்டு, வழக்கம்போல் வாயிற்படியில் படுத்த முதிய நாய், விடியலில் எழ முயல்கின்றது, இயலவில்லை. கால்களை அகல ஊன்றி நிற்கின்றது. நின்றவாறே ஒருபுறமாகச் சாய்ந்து விழுகின்றது. தலை ஒரு பக்கம் சரிந்துள்ளது. ஒரு காது தரையை நோக்கியும் மற்றொன்று வானை நோக்கியும் இருக்கின்றன. சிறிது நடந்தாலும் நேரே செல்வதில்லை, செக்குமாடுபோல் வட்டமிடுகின்றது. உமிழ்நீர் ஒழுகுகின்றது, வாந்தியும் உண்டாகின்றது. கண்ணை உற்று நோக்கினால், கருவிழிகள் தறியில் ஓடும் நாடாவைப்போல் இடமும் வலமுமாக ஓயாது ஓடுகின்றன.

அயலார் கூடுவர். பாம்பு தீண்டிற்று என்பார் ஒருவர். எவரோ நஞ்சு வைத்தனர் என்பார் மற்றொருவர். பக்கவாதம் என்பார் வேறொருவர். வெறி பிடித்துவிட்டது, அடித்துக் கொல்லுங்கள் என்று கூவுவாரும் உளர். வீட்டாரோ, இனி இது பிழையாது என்று தாமே முடிவு செய்து, துன்பம் நீளாமல் ஊசியிட்டு உயிரை அடக்கிவிடுமாறு மருத்துவரை வேண்டுவர். அன்பினால் எழும் வேண்டுகோளே அது. ஆயினும் அவசரத்தில் எழுவது. மூன்று நாள் பொறுத்திருந்தால் எழுந்து நின்றிருக்கக்கூடிய நாய்களும் இவ்வாறு முதல் நாளிலேயே மடிவதுண்டு.

இந்நோயை மருத்துவர் முதுமைக்கால வெஸ்டிபுலர் நோய் என்பர். அச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியில் வீட்டின் முன்றிலைக் குறிப்பது. உட்செவியின் ஒரு பகுதி முன்றில்போல் அமைந்திருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. காதின் தொழில் கேட்டல் ஒன்றே என்று பலரும் எண்ணுவர். அஃது ஒரு பாதியே உண்மை. உட்செவியில் நத்தையோடு போன்ற பகுதி ஒலியை உணரும். அதனை அடுத்து மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. இவை ஒலியை அறியா. உடலின் நிலையை அறிவன.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துக்கொள்கின்றார் அல்லரோ? பைகள் இரண்டும் தூக்குக்குண்டு போன்றவை. அவற்றினுள் நுண்ணிய சுண்ணப் படிகங்கள் பசை போன்ற படலத்தின்மேல் அமர்ந்துள்ளன. தலை சாயுந்தோறும் அவை சரிந்து, கீழ் எது மேல் எது என்பதை நரம்புக்கு அறிவிக்கும். குழல்களில் நீர்மம் நிறைந்துள்ளது. தலை திரும்பும்போது குழல் உடனே திரும்பும். உள்ளிருக்கும் நீர்மம் சற்றே பின்தங்கும். நீர் நிறைந்த செம்பை விரைந்து திருப்பினால் செம்பு சுழல, நீர் நின்றவாறே நிற்பதைக் காணலாம். அந்தப் பின்தங்கலே, தலை எப்பக்கம் எவ்வளவு விரைவாகத் திரும்பிற்று என்பதை உணர்த்துகின்றது.

சிறுவர் தட்டாமாலை சுற்றி நின்றதும், வீடும் மரமும் தம்மைச் சுற்றி ஓடுவதாகக் காண்பர். உடல் நின்றும் நீர்மம் நில்லாமையே அதற்குக் காரணம். தலைச்சுற்று என்று தமிழில் வழங்கும் சொல் ஈண்டுக் கருதத்தக்கது. தலை சுற்றுவதில்லை, சுற்றுவதாகத் தோன்றுகின்றது. கிறுகிறுப்பு என்னும் சொல்லோ, தன் ஓசையாலேயே அந்நிலையைக் காட்டிவிடுகின்றது.

இவ்வுறுப்பின் இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர் வியன்னா நகரத்து மருத்துவர் இராபர்ட் பாரனி. நோயாளரின் காதை நீர் பீச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றுவதையும் கண்கள் துடித்தோடுவதையும் அவர் கண்டார். குளிர்ந்த நீரால் கழுவினால் கண்கள் ஒரு திசையிலும், சூடான நீரால் கழுவினால் எதிர்த்திசையிலும் துடித்தோடின. நீரின் தட்பவெப்பம் குழலின் நீர்மத்தை அசைக்கின்றது என்று அவர் தெளிந்தார். 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு இவ்வாராய்ச்சிக்காக அவருக்கு வழங்கப்பெற்றது. அச்செய்தி எட்டியபோது அவர் முதல் உலகப்போரில் இரஷியரிடம் சிறைப்பட்டிருந்தார். 1916ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார்.

நாய்க்கு நேர்வது யாது? இடச்செவியும் வலச்செவியும் எந்நேரமும் மூளைக்குச் செய்தி விடுத்துக்கொண்டே இருக்கும். தலை அசையாதபோது இருபுறச் செய்தியும் துலாக்கோலின் இரு தட்டுகள்போல் ஒத்து நிற்கும். திடீரென இடப்புறம் வாயடைத்துப் போயிற்று என்று கொள்வோம். வலத்தட்டு மட்டும் தாழ்கின்றது. மூளை அதனை நோய் என்று அறியாது. உடல் வலப்புறமாகச் சுழல்கின்றது என்று கருதிவிடுகின்றது. கண்கள் மெல்ல இடம் நோக்கி நகர்ந்து, வெடுக்கென வலத்திற்கு மீளும். தலை இடப்புறம் சாயும். உடலும் அப்பக்கமே விழும். நாய் சுழலும் ஓடத்தில் நிற்பதாகவே உணர்கின்றது. வாந்தி வருவதும் கடற்பயணிக்கு வருவது போன்றதே. இவ்வாறு ஒருபுறம் திடீரென அடங்குவதற்கு உரிய காரணம் இன்றளவும் புலப்படவில்லை. எனினும், மூளை தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ள வல்லது. கண்ணும் பாதமும் தரும் செய்திகளைத் துணைகொண்டு, சில நாட்களில் அது புதிய சமன் ஒன்றை அமைத்துக்கொள்கின்றது. பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் கண்ணோட்டம் தணியும்; இரண்டு மூன்று வாரங்களில் நாய் நடமாடும்.

ஆயின், தலை சாய்ந்த நாயெல்லாம் இந்நோயே உற்றது என்று கொள்ளுதல் பிழை. உட்செவியில் சீழ் பிடித்தாலும் இதே தோற்றம் உண்டாகும்; அதற்கு மருந்து தந்தே ஆகவேண்டும். சிறுமூளையில் குருதியோட்டம் தடைப்பட்டாலும், மூளையில் கட்டி வளர்ந்தாலும் இவ்வாறே தள்ளாடும். கால்நடை மருத்துவர் இவற்றைப் பிரித்தறியும் முறை வியக்கத்தக்கது. நாயைத் தாங்கிப் பிடித்து, அதன் பாதத்தை மடக்கிப் புறங்கால் தரையிற் படுமாறு வைப்பார். மூளையும் தண்டுவடமும் நலமாயின், நாய் அக்கணமே பாதத்தைத் திருப்பி ஊன்றும். மடங்கிய பாதத்தை அவ்வாறே விட்டிருப்பின் குற்றம் செவியில் அன்று, மேலே உள்ளது என்று ஐயுறுவார். விழிகள் மேலும் கீழுமாக ஓடினும், நாய் அழைப்பை உணராது மந்தமாகக் கிடப்பினும் அவ்வையம் வலுப்பெறும். பின்னர்க் காதை உள்நோக்குவார், குருதியழுத்தம் அளப்பார், குருதியைச் சோதிப்பார், வேண்டின் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் செய்வார். ஆதலின் பொறுத்திருத்தல் என்பது மருத்துவரைக் காட்டாமல் இருத்தல் அன்று. அன்றே காட்டிவிட்டுப் பொறுத்திருத்தலே அது.

வலிப்பு வேறு. வலிப்பில் நாய் தன்னுணர்வு இழக்கும், உடல் விறைக்கும், படுத்தவாறே கால்கள் நீந்துவனபோல் அடித்துக்கொள்ளும், சிறுநீர் கழியும். ஓரிரு நிமிடங்களில் அது தணிவது வழக்கம். ஐந்து நிமிடம் கடந்தால் உயிருக்கு இடர். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வேளையில் அதன் வாயில் கைவைத்தல் ஆகாது. வலிப்புற்றவர் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கம் மனிதருக்கே பயன்படாதது. நாய்க்கு எங்ஙனம் பயன்படும்? இளமையில் வலிப்பே காணாத நாய்க்கு முதுமையில் முதன்முறை வலிப்பு வருமாயின், குருதியிற் சருக்கரைக் குறைவு, கல்லீரல் நோய், மூளைக்கட்டி முதலியவற்றைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

வெறிநோய் பற்றிய அச்சமும் பொருளற்றது அன்று. தடுப்பூசி இடப்பெறாத நாய் தள்ளாடினாலும், உமிழ்நீர் ஒழுக்கினாலும் எளிதாகக் கருதலாகாது. அதன் வாயருகே எவரும் கை நீட்டாமல் மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். கடியுண்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி பெறவேண்டும். ஆண்டுதோறும் முறையாகத் தடுப்பூசி பெற்ற வீட்டு நாயின் நிலை வேறு. தலை சாய்ந்தது என்னும் ஒரு காரணத்தால் அதனைக் கல்லால் அடிப்பது கொடுமை.

நோயுற்ற நாட்களில் நாய்க்கு வேண்டுவது பெரும்பாலும் பணிவிடையே. வழவழப்பான கல்தரை அதற்குப் பகை. கால் பற்றுமாறு சாக்கை விரித்தல் வேண்டும். படியும் கிணற்றடியும் அணுகாமல் தடுத்தல் வேண்டும். இரவில் சிறுவிளக்கு எரியட்டும். செவி கைவிட்ட நாய்க்குக் கண்ணே பற்றுக்கோடு. சட்டென்று அந்தரத்தில் தூக்கினால் சுழற்சி மிகும். ஆதலின் உடலோடு அணைத்து மெல்ல எடுக்கவேண்டும். தானே எழாத நாயைச் சில மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கச் செய்யாவிடின் புண் உண்டாகும். நீர்க்கிண்ணத்தை வாயருகே தாங்கிப் பிடித்தால் பருகும். வாந்தியை அடக்க மருத்துவர் மருந்து தருவார். மனிதர் உண்ணும் வலிமாத்திரைகளைத் தாமாகவே கொடுத்தல் கூடாது. அவற்றுட் சில நாய்க்கு நஞ்சாகும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நாய் சுவரோரமாக உடலை உராய்ந்துகொண்டு நடக்கத் தொடங்கும். சிலவற்றிற்கு இந்நோய் மீண்டும் வருதலும் உண்டு. சிலவற்றிற்குத் தலைச்சாய்வு சிறிது எஞ்சி, இறுதிவரை நீங்காது. அதனால் அவற்றிற்கு வலியில்லை. சாய்ந்த தலையோடே அவை உண்ணும். சாய்ந்த தலையோடே வாயிலில் அமர்ந்து, வருவோரைக் கண்டு குரைக்கும்.