‘விற்ற குட்டியைத் திரும்ப எடுப்பதில்லை’ என்று சொன்னால் செல்லுமா?

சட்ட ஆலோசனை: கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்களுக்குச் சேரன்மகாதேவி. எட்டாவது படிக்கும் என் மகள் ஒரு வருடமாகப் பூடில் நாய்தான் வேண்டும் என்று நச்சரித்தாள். எனக்குத் தும்மல் தொந்தரவு உண்டு. பூடிலுக்கு முடி கொட்டாது என்றார்கள், சரி என்றேன். இன்ஸ்டாகிராமில் பார்த்து, வெளியூர்ப் பண்ணை ஒன்றுக்கு ஜிபேயில் 38,000 ரூபாய் அனுப்பினோம். ‘டீகப் பூடில், 60 நாள் குட்டி, ஊசி போட்டாச்சு, கேசிஐ பேப்பர் பின்னால வரும்’ என்று வாட்ஸப்பில் சொன்னார்கள். ஆம்னி பஸ்ஸில் கூடைக்குள் வைத்து அனுப்பினார்கள். விடியற்காலை திருநெல்வேலியில் போய் எடுத்து வந்தோம். மூன்றாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். டாக்டர் பரிசோதித்துப் பார்வோ என்றார். ஆறாம் நாள் இறந்துவிட்டது. வைத்தியச் செலவு மட்டும் 9,400 ரூபாய். விற்றவரைக் கேட்டால், ‘பஸ் ஏத்தும்போது நல்லாத்தான் இருந்துச்சு. வித்த குட்டியைத் திரும்ப எடுக்கிறதில்லை’ என்கிறார். ரசீதும் தரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? மகள் இன்னும் பூடில்தான் கேட்கிறாள். இன்னொரு முறை ஏமாறாமல் வாங்குவது எப்படி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேரன்மகாதேவி

பதில்: முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கையில் இருப்பதை ஒழுங்காகச் சேர்த்து வைத்தால் பணம் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பும் உண்டு.

நாய்க்குட்டி உயிருள்ள ஜீவன். ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது அசையும் சொத்து. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும் 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அசையும் சொத்து எல்லாவற்றையும் ‘சரக்கு’ என்றே சொல்கின்றன. மிக்ஸி வாங்கியவருக்கு உள்ள உரிமை குட்டி வாங்கிய உங்களுக்கும் உண்டு.

‘பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவன் பொறுப்பு’ என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதிதான். அதே சட்டத்தின் 15ஆம் பிரிவோ, வர்ணித்து விற்றால் பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் குட்டியை நேரில் பார்க்கவில்லை. 60 நாள், ஊசி போட்டது, கேசிஐ பேப்பர் உண்டு என்ற பேச்சை நம்பித்தான் பணம் போட்டீர்கள். அந்தப் பேச்சில் எது பொய்யானாலும் பழி அவர்மேல்தான்.

‘திரும்ப எடுப்பதில்லை’ என்ற வாசகத்தைப் பல கடைகளில் போர்டாகவே மாட்டியிருப்பார்கள். நுகர்வோர் சட்டத்தின் 2(47) பிரிவு அதற்கு வைத்திருக்கும் பெயர் நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீதில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது அந்தப் பட்டியலில் வருகிறது. ரசீது தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

அடுத்தது நோய். எதிர்த்தரப்பு வக்கீல், ‘குட்டி உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கிருமி தொற்றியது’ என்பார். பார்வோ கிருமி உடம்பில் நுழைந்து அறிகுறி காட்டப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். உங்கள் குட்டி படுத்தது மூன்றாம் நாள். அப்படியானால் கிருமி பண்ணையில் ஏறியிருக்க வேண்டும், அல்லது பஸ் பயணத்தில். கூடையில் வைத்து பஸ்ஸில் ஏற்றியவரும் அவர்தானே? 1978ஆம் வருடத்து விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லாதது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று நாயோடு கூடவே வர வேண்டும். அந்தத் தாள் உங்களுக்கு வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வராவிட்டால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. வாட்ஸப் உரையாடலை அழிக்காமல் பிரிண்ட் எடுங்கள். குரல் பதிவுகளைத் தனியாகச் சேமியுங்கள். ஜிபே விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், டாக்டர் சீட்டு, பார்வோ பரிசோதனை முடிவு, மருந்து பில், பஸ் பார்சல் சீட்டு எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். மின்னணு ஆவணங்களோடு 2023ஆம் வருடத்து சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றையும் இணைத்துவிடுங்கள். பிறகு ஆட்சேபம் வராது. அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையோடு தபாலில் ஒரு நோட்டீஸ். பலர் அதிலேயே சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கெடு 2 வருடம். குட்டியின் விலை, வைத்தியச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு நான்கையும் கேளுங்கள். வழக்குக்கு முன் ஒரு வழி வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

போலீசுக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது தெரிந்தால், உதாரணமாக அதே குட்டியின் படத்தைக் காட்டிப் பலரிடம் பணம் வாங்கியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கலாம். வியாபாரம் கெட்டுப்போனதெல்லாம் மோசடி ஆகாது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை நம்பிப் போனாலோ, 1960இல் எழுதிய அதன் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் சரியாகிவிடும். உங்கள் பணம் வர வழி நுகர்வோர் ஆணையம்தான்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. நம்ம பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு: தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம். நாய்க்குட்டி வாங்குவதற்கு இதைவிட நல்ல விதி கிடையாது. குட்டி பிறந்த இடத்துக்கே போய், தாய் நாய் குட்டிகளோடு இருப்பதைப் பாருங்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறதா, ஆளைக் கண்டு நடுங்குகிறதா, படுக்கை நாறுகிறதா என்று கவனியுங்கள். ‘வீடியோ கால்ல காட்டுறேன், பாதி வழியில வந்து தர்றேன்’ என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, நாயை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டில் வைத்துச் செய்பவருக்கும் இடைத்தரகருக்கும்கூட இது பொருந்தும். விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாய்க்கு 18 மாதம் ஆகாமல் சேர்க்கை கூடாது. வருடத்துக்கு ஒரு முறைக்கு மேலும் வாழ்நாளில் 5 முறைக்கு மேலும் குட்டி போட வைக்கக் கூடாது. ஆகவே உங்கள் முதல் கேள்வி ‘என்ன விலை?’ என்பதாக இருக்க வேண்டாம். ‘உங்கள் பதிவு எண் என்ன? தாய்க்கு இது எத்தனையாவது ஈற்று?’ என்று கேளுங்கள். நேர்மையானவர் உடனே சொல்வார்.

பெரிய இடம், பழைய இடம் என்று மயங்கவும் வேண்டாம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என நம் நாட்டு இனங்களை வளர்க்கச் சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசே நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவை 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு போர்டு தொங்கிய இடத்துக்கே அந்தக் கதி என்றால், இன்ஸ்டாகிராம் பக்கத்தை நம்பி எப்படிப் பணம் போடுவது?

பூடிலைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். டீகப் பூடில் என்று ஒரு வகையே கிடையாது. எப்.சி.ஐ. என்ற உலக அமைப்பு ஏற்றிருப்பது நான்கு அளவுகள்: டாய் 24 முதல் 28 செ.மீ., மினியேச்சர் 35 வரை, மீடியம் 45 வரை, ஸ்டாண்டர்ட் 60 வரை. ‘டீகப்’ என்பது விலையை ஏற்றச் சொல்லும் பெயர். சில நேரம் வயது குறைந்த குட்டியையே அந்தப் பெயரில் தள்ளிவிடுவார்கள். முடி கொட்டாது என்றால் அது வளர்ந்துகொண்டே இருக்கும் என்று பொருள். ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை வெட்டிவிட வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருப்பதால், உங்கள் தும்மல் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பூடில் வளர்க்கும் வீட்டில் இரண்டு முறை போய் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீரில் வேட்டைப் பறவை எடுத்துவரப் பழக்கிய இனம் இது. தாமிரபரணியைக் கண்டால் குதிக்கும். காதில் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும், துடைத்துவிட வேண்டும்.

இனி ஆவணங்கள். பத்தமடைப் பாய் வாங்கும்போது விரித்து, ஓரத்தைத் தடவி, நெசவைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? தடுப்பூசி அட்டையையும் அப்படிப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கரில் பேட்ச் எண் இருக்கும். பக்கத்தில் தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண்ணோடு முத்திரை. ஸ்டிக்கர் இல்லாமல் பேனாவில் ‘போட்டாச்சு’ என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். கேசிஐ என்ற இந்தியக் கென்னல் கிளப் சென்னையில் இயங்குகிறது. குட்டியின் மைக்ரோசிப் எண்ணும் கேசிஐ தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பேப்பர் பின்னால் வரும்’ என்றால் பாதிப் பணமும் பின்னால் வரட்டும். பெற்ற நாய்களுக்குக் கண் பார்வைக் குறைக்கான மரபணுச் சோதனையும் முழங்கால் சில்லு விலகும் கோளாறுக்கான பரிசோதனையும் செய்திருந்தால் முடிவைக் கேளுங்கள். பூடிலுக்கு இவை இரண்டும் பரம்பரையாக வரக்கூடியவை.

கடைசியாக ஒரு பக்க ஒப்பந்தம். சரக்கு விற்பனை ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இருவர் பெயர், முகவரி, குட்டி பிறந்த தேதி, சிப் எண், விலை எழுதுங்கள். ‘72 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுவேன்; 14 நாளுக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் வந்தால் விலையும் வைத்தியச் செலவும் திருப்பித் தரப்படும்’ என்று சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த முதல் பரிசோதனைக்கு இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பார்வோ கிருமி தரையிலும் கூடையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதே வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டி வந்து அதுவும் படுத்தால், இந்த முறை விற்றவர் கைகாட்டுவது உங்கள் வீட்டை. சட்டமும் அவர் பக்கம் சாயலாம். பழைய கூடை, துணி, கிண்ணத்தை அப்புறப்படுத்துங்கள். எப்போது, எத்தனை ஊசி முடித்த குட்டியைக் கொண்டுவரலாம் என்று டாக்டர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பண்ணைக்குப் போகும் அன்று மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள், ‘இன்னைக்குப் பார்க்கத்தான் போறோம், வாங்க இல்லை’ என்று. வெறுங்கையோடு திரும்பி வரத் தயாராக இருப்பவரிடம்தான் விற்பவர் உண்மையைப் பேசுவார்.