காப்பகத்தில் விடும் முன்...

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எங்கள் லாப்ரடாரை நாய்கள் காப்பகத்தில் விடப்போகிறோம். அங்கே போய்வரும் நாய்களுக்கு இருமல் ஒட்டிக்கொள்கிறது என்கிறார்களே, எப்படித் தடுப்பது?
- வாசகி ஒருவர், திருச்சி

பதில்: அது ‘கென்னல் காஃப்’ எனப்படும் தொற்று இருமல். போர்டடெல்லா என்ற பாக்டீரியாவும் பாராஇன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்களும் இதற்குக் காரணம். இருமல், தும்மல், பொதுவான தண்ணீர்க் கிண்ணம், பராமரிப்பவரின் கை என எல்லா வழியிலும் பரவும்.

ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் பெரும்பாலும் போர்டடெல்லா இருக்காது. அதற்குத் தனித் தடுப்பு மருந்து உண்டு. ஊசியாகப் போட்டால் முதல்முறை சில வார இடைவெளியில் இரண்டு தவணை தேவைப்படும். ஆகவே பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசி போட்டாலும் இருமல் வரலாம். ஆனால் கடுமை குறையும்.

காப்பகத்தை நேரில் பாருங்கள். காற்றோட்டம் இருக்கிறதா, நாய்க்கு நாய் தனிக் கிண்ணமா, தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்காத இடத்தில் விடாதீர்கள்.

திரும்பிய பிறகும் இரண்டு வாரம் கவனம் தேவை. வறட்டு இருமல் வந்தால் மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை கட்டுங்கள். காய்ச்சல், சாப்பிட மறுப்பது, மூச்சிரைப்பு இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ இருமல் சிரப்பையோ நீங்களாகக் கொடுக்கவே கூடாது.