நீர் வடியும்வரை பாடுங்கள்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பள்ளி ஆண்டு விழாவில் திருநீர்மலைத் தலபுராணத்தை முழு இசை நாடகமாக மேடையேற்றப் போவதாக எழுதியிருந்தீர்கள். எல்லாமே பாட்டாக இருக்க வேண்டும், பிள்ளைகளே பாடி நடிக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. "பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்து போட்டுவிடலாம், பிள்ளைகள் வாயசைத்தால் போதும்" என்று மற்றவர்கள் சொல்வதாகவும் வருத்தப்பட்டிருந்தீர்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: "ஆழ்வார் வருகிறார், மலையைச் சுற்றித் தண்ணீர், காத்திருக்கிறார், வடிந்ததும் சேவிக்கிறார். இதில் நாடகம் எங்கே இருக்கிறது?"

உங்கள் கவலையும் கேள்வியும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பக்கத்தில் இன்னும் சில பள்ளிகளும் இப்படி முயலக்கூடும் என்பதால் பதிலைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் கதை. அடிவாரக் கோயிலில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நான்கு கோலமும் ஒரே ஊரில். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மழைநீர் மலையைச் சூழ்ந்து கிடந்தது. நீர் வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து சேவித்துப் பாடினார் என்பது நம் ஊர் வழக்கு. நீங்கள் சொன்னதும் இவ்வளவுதான். ஆனால் வந்தவர் யார் என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். திருவாலி நாட்டின் குறுநில மன்னர். ஆடல்மா என்ற குதிரையில் பறந்தவர். நாள்தோறும் 1008 அடியாருக்கு ஒரு வருடம் அமுது படைக்க வேண்டும் என்று தாம் மணக்க விரும்பிய குமுதவல்லி போட்ட நிபந்தனைக்காகக் கையிருப்பையெல்லாம் கரைத்து, பிறகு வழிப்பறியில் இறங்கியவர். மணக்கோலத்தில் வந்த பெருமாளையே மடக்கி நகை பறித்தவர். அந்த வேடுபறியை ஸ்ரீரங்கத்தில் இராப்பத்து உற்சவத்தில் இன்றைக்கும் நடத்திக் காட்டுகிறார்கள். பொறுமை என்பதையே அறியாத மனிதர் அவர். அப்படிப்பட்டவர்தான் இந்த மலைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

அவருடன் வந்த நால்வரை நினைத்துக்கொள்ளுங்கள். குருபரம்பரைக் கதைகள் பெயர் சொல்லியிருக்கின்றன: தாளூதுவான், நிழலில் ஒதுங்குவான், தோலாவழக்கன், நீர்மேல் நடப்பான். ஊதினால் பூட்டுத் திறக்கும் ஒருவன். நிழலோடு நிழலாக மறையும் ஒருவன். வாதத்தில் தோற்காத ஒருவன். நான்காமவன் தண்ணீர் மேல் நடந்தே போவான்! மலையைச் சூழ்ந்த நீருக்கு முன்னால் நீர்மேல் நடப்பானும் நிற்கிறான். அவன் எளிதாகப் போய்ச் சேவித்துத் திரும்பலாம். தலைவரோ இந்தக் கரையில் இருக்கிறார். நீங்கள் தேடிய நாடகம் இங்கேதான் இருக்கிறது. "நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டுமா?" என்று அவன் கேட்கிறான் என்று வையுங்கள். தோலாவழக்கன் அவனுக்காக வாதாடுகிறான். ஆழ்வார் என்ன பதில் சொல்வார்? இந்த உரையாடல் எந்த நூலிலும் இருப்பதாகச் சொல்லவில்லை. இது என் கற்பனை. பெயர்களை வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளைகளையே கற்பனை செய்யச் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளை இதற்கு எழுதும் பதில் நாம் எழுதுவதைவிட நேராக இருக்கும்.

சரி, காத்திருப்பதை மேடையில் எப்படிக் காட்டுவது? வசன நாடகத்தில் வழி கிடையாது. யாராவது வந்து "ஆறு மாதம் கழிந்தது" என்று அறிவிப்பார், விளக்கு அணைந்து எரியும், அவ்வளவுதான். பாட்டில் வழி உண்டு. பல்லவி திரும்பத் திரும்ப வரும். சொல் மாறாது, பாடுபவரின் மனம் மாறியிருக்கும். ஐப்பசி மழையில் ஆழ்வார் வந்ததாக வைத்துக்கொண்டால் கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி என்று ஆறு மாதம் அமைந்துவிடும். மாதத்துக்கு ஒரு சரணம், ராகமாலிகையாக. ஐப்பசிக்கு அமிர்தவர்ஷிணி என்று எல்லாருக்கும் உடனே தோன்றும். அதைத் தொடாதீர்கள், அந்த ராகம் மழையை அழைப்பதற்கென்று பேர் வாங்கியது, இங்கே மழை ஏற்கெனவே வேண்டிய அளவு பெய்துவிட்டது. கேதாரகௌளையில் தொடங்கலாம். மார்கழியில் முகாரி. பங்குனியில் சுருட்டியோ மத்தியமாவதியோ வந்தால் முடியப் போகிறது என்பதைக் கேட்பவர் காதே சொல்லிவிடும். அடுத்தடுத்த சரணத்துக்கு இடையில் ஆழ்வார் அசையக்கூடாது. குதிரைக்காரர் அசையாமல் உட்கார்ந்திருப்பதே அந்தக் காட்சி.

இந்த வடிவம் வெளியிலிருந்து வந்ததில்லை என்பதைத் தலைமையாசிரியரிடம் தைரியமாகச் சொல்லலாம். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராமாயணம் முழுவதையும் கீர்த்தனை நாடகமாக எழுதியபோது, சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வெங்கடராமய்யர், கோதண்டராமய்யர் என்ற அவருடைய மாணவர்கள் இருவர் மெட்டமைப்பில் கூட இருந்தார்கள். மாணவர் கைப்பட்டதாகவே அந்த வடிவம் நமக்கு வந்திருக்கிறது. பாத்திரம் நுழையத் தரு, மனம் கலங்க விருத்தம், கதையை நகர்த்தத் திபதை என்று எல்லாக் கருவியும் அதில் தயாராக இருக்கிறது. அரையர் சேவையைப் பார்த்தால் இன்னும் பழைய வழி தெரியும். ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர்கள் கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாக ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கிறார்கள். ஒரு முறையாவது பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஒரே மனிதர், தாளத்தைத் தவிர வேறு கருவியில்லை, கண்முன்னே கதை நடக்கிறது.

பிள்ளைகளால் முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைச் சொல்லுங்கள். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிச் சிறுவர்களை வைத்தே புராண நாடகங்களை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தாம். சிறுவன் டி.கே. சண்முகத்துக்கென்றே 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்ததைச் சண்முகம் பிற்பாடு தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒரு பையனின் தொண்டையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நாடகம் அது. நமக்கும் அதுதான் முறை: பாட்டை எழுதிவிட்டு ஆள் தேடாதீர்கள், ஆளைப் பார்த்துவிட்டுப் பாட்டு எழுதுங்கள். பாலர் நாடகக் கம்பெனி வாழ்க்கை கடுமையானது, அடியும் உண்டு, அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இதற்கு எதிர்ப்புறம் நிற்கிறார் என்பதையும் மறைக்கக்கூடாது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல், பதினெட்டு வயதில், நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். விடிய விடியப் பாடிக்கொண்டிருந்த தமிழ் நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, வசனத்துக்கு முதலிடம் கொடுத்தவர் அவர். அந்த மாற்றம் அன்றைக்கு மிகவும் தேவைப்பட்டது. சாவுப் படுக்கையிலும் அரை மணி நேரம் பாடிய ராஜபார்ட்டுகளைக் கேட்டுச் சலித்த காலம் அது. அவரிடமிருந்து நாம் கால அளவை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள்.

இப்போது பதிவுப் பாட்டு விஷயம். கலாக்ஷேத்திராவை நினைத்துப் பாருங்கள். அது இருக்கும் திருவான்மியூர் நமக்குத் தூரமில்லை. வால்மீகியின் பெயரால் அமைந்த ஊர் அது; அதே வால்மீகி இந்த மலைக்கு வந்து, மலைமேல் இருக்கும் கோலங்களைச் சேவித்தும் மனம் நிறையாமல் இராமனாகவே காண வேண்டும் என்று நின்றார், கீழே இறங்கியவருக்குப் பெருமாள் அப்படியே காட்சி கொடுத்தார் என்று நம் தலபுராணம் சொல்கிறது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி 1944-இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். பிறகு வால்மீகியின் சுலோகங்களையே எடுத்து 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக இராமாயணத்தைச் செய்தார். முதலாவதான சீதா சுயம்வரத்துக்கு இசையமைத்த மைசூர் வாசுதேவாச்சாரியாருக்கு அப்போது 90 வயது. அவர் மறைவுக்குப் பின் மிச்சத்தைப் பேரன் ராஜாராம் முடித்தார். அங்கே ஆடுபவர் பாடுவதில்லை. பாடுபவர்கள் மேடையோரம் உட்கார்ந்து நேரடியாகப் பாடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளில் சிலருக்குப் பாடிக்கொண்டே நடிக்க மூச்சுப் போதாமல் இருக்கும். அவர்களுக்கு இந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள். பாட வந்த பிள்ளை ஓரத்தில், நடிக்க வந்த பிள்ளை நடுவில். இரண்டும் உயிருள்ள குரல்.

பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. காத்திருப்பதைச் சொல்லும் நாடகத்துக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்று இல்லை. ஒரு பையன் அடி மறந்து நின்றால் மிருதங்கக்காரர் இன்னொரு ஆவர்த்தனம் வாசித்து அவனை மீட்டுவிடுவார்; பென் டிரைவ் போய்க்கொண்டே இருக்கும். மேடையில் தான் பிழை செய்தபோது முழுக் குழுவும் தனக்காக ஒரு சுற்று நின்றது என்று ஒரு குழந்தைக்குத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்!

சுருதி பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் முதல் ஒத்திகையிலேயே அதுதான் உங்களைத் திணறடிக்கும். பெண்பிள்ளைகள் ஐந்து கட்டையில் சௌகரியமாகப் பாடுவார்கள். குரல் உடைந்து தேறிய பையன்களுக்கு ஒரு கட்டை. நடுவில் எங்கேயாவது வைத்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம். இரண்டு சுருதியையும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கட்டையின் பஞ்சமமே ஐந்து கட்டையின் ஷட்ஜம். பையன்கள் பஞ்சமத்தில் வந்து நிற்கட்டும். அந்த இடத்தையே ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு பெண்கள் தொடரட்டும். ஆர்மோனியக்காரருக்கு இது புரிந்துவிட்டால் காட்சி மாற்றங்கள் தாமாகவே இசையாகிவிடும். மகரக்கட்டில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களைப் பாட வைத்துப் படுத்தாதீர்கள், ஒதுக்கியும் விடாதீர்கள். அவர்களுக்குக் கட்டியம் இருக்கிறது. தாளத்தோடு சொல்வதற்குக் கரகரத்த குரல் நன்றாகவே பொருந்தும். தோலாவழக்கனின் வாதம் முழுவதையும் கட்டியமாக்கிவிடலாம்.

தண்ணீரை எப்படிக் காட்டுவது என்று நிச்சயம் யோசித்திருப்பீர்கள். நீலத் துணியை இரண்டு பேர் ஆட்டுவது வேண்டாம் என்பேன். மிச்சமிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் தண்ணீராக இருக்கட்டும். மேடையை நிறைத்து உட்கார்ந்து, சொல்லில்லாமல் ஒரே சுவரத்தைப் பிடித்துக்கொண்டு. மாதம் போகப் போக ஒவ்வொரு வரிசையாக எழுந்து இருபுறமும் விலகட்டும். குரலும் அப்படியே மெலியும். பாடத் தெரியாது என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

அந்தத் தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். அடையாறு நம் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அனகாபுத்தூரும் மூழ்கியபோது மாடியில் உட்கார்ந்து நீர் வடியக் காத்திருந்த பெற்றோர்கள் உங்கள் பள்ளியில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். எப்போது வடியும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது, முதல் நாள் என்ன நினைத்தார்கள், மூன்றாம் நாள் என்ன நினைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மாதச் சரணங்களுக்கு வேண்டிய சொற்கள் அந்தப் பேச்சிலிருந்து வரும். மழை இல்லாத மாதங்களில் நம் ஏரி கழிவுநீர் கலந்து கிடப்பதையும் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அதை நாடகத்துக்குள் திணிக்க வேண்டாம். ஆனால் யாராவது ஒரு மாணவி பங்குனிச் சரணத்தில் அதைத் தானாகவே எழுதிக்கொண்டு வந்தால் அந்த வரியை அடித்துவிடாதீர்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. கோயில் வாசலில் நடத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். முகூர்த்த நாட்களில் அங்கே கல்யாணக் கூட்டம் தாங்காது. பள்ளி மைதானத்தில், மலை தெரியும் பக்கமாக மேடையைப் போடுங்கள். படுதா எதற்கு? சாயங்காலம் ஐந்தரைக்குத் தொடங்கினால் மலையே பின்னால் நிற்கும். கோயில் பட்டரிடம் எழுத்துப் பிரதியை முன்னதாகவே காட்டிவிடுங்கள். பெருமாளாக எந்தப் பையனையும் வேடம் கட்டி நிறுத்தாமல் கடைசியில் ஆழ்வார் மலைப்பக்கம் திரும்பிப் பாடினாலே போதும் என்பது என் அபிப்பிராயம். பட்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒத்திகையைத் தொடங்கினால் மாசிக்குள் மேடையேறிவிடலாம். அதற்குமேல் போனால் பொதுத்தேர்வு வந்துவிடும். முதலில் நீர்மேல் நடப்பானுக்கு ஆள் பாருங்கள். துறுதுறுவென்று ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும், அந்தப் பிள்ளைதான். நீர்மேல் நடப்பானின் தருவை மட்டும் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். மெட்டு அமைப்பதில் என்னால் ஆனதைச் செய்கிறேன்.

அன்புடன்,
திருநீர்மலையிலிருந்து