அமிட்ரிப்டிலின் மாத்திரையும் வீட்டாரின் பொறுப்பும்

மூன்று வளையங்கள் இணைந்த வேதியமைப்பு உடையமையால் மூவளைய மருந்துகள் எனப்படும் மனச்சோர்வு நீக்கிகளுள், 1961இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அமிட்ரிப்டிலின் இன்றும் பரவலாகத் தரப்படுகிறது. ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும், சர்க்கரை நோயால் நரம்பு பழுதுபட்டுப் பாதம் எரிவதைத் தணிக்கவும் 10 அல்லது 25 மில்லிகிராம் அளவில் இது தரப்படுவதுண்டு. இதனை அறியாமல், தமக்கு மனநோய் மருந்து எதற்கு என்று எண்ணி அதைக் கைவிட்டு வலியால் வருந்துவோர் பலர்.

இம்மருந்தை உட்கொண்டோரின் அனுபவம் உணர்த்தும் முதற்பாடம், தொல்லை முந்தி வரும், பலன் பிந்தி வரும் என்பதாகும். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையை இது தடுப்பதால் வாய் உலர்தலும் மலச்சிக்கலும் முதல் வாரத்திலேயே தோன்ற, மனம் தெளியவோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகின்றன. தூக்கக் கலக்கம் தருவதால் இரவில் உட்கொள்வதே வழக்கம். படுக்கையிலிருந்து சட்டென எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து முதியோர் விழுவதுண்டு. ஆகவே, சிறிது நேரம் உட்கார்ந்து பின் எழுவதே நன்று. கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயநோய் ஆகியவற்றையும், டிரமடால் போன்ற வலி மாத்திரைகளையும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மது கூடவே கூடாது.

எனினும், எல்லாவற்றினும் கடுமையான ஆபத்து அளவு மீறுவதில்தான் உள்ளது. இதயத் தசையில் மின்துடிப்பைப் பரப்பும் சோடியம் வழிகளை இம்மருந்து அடைப்பதால், தொடக்கத்தில் நலமாகத் தோன்றுபவருக்கும் சில மணி நேரத்திற்குள் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் நேரலாம். துயரத்தைத் தணிக்க வந்த மாத்திரையே துயர் மிகுந்தவர் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது எத்துணை இடர்! குறிப்பாக, சிகிச்சையின் முதல் வாரங்களில் 25 வயதுக்கு உட்பட்டோரிடம் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என்பதால், மாத்திரையைக் குறைந்த நாள்களுக்கு மட்டும் வாங்கி, குடும்பத்தில் ஒருவர் பூட்டி வைத்து அன்றன்றைய அளவை எடுத்துத் தருவதே அறிவுடைமை. குழந்தை ஒன்றிரண்டை விழுங்கினாலும் அறிகுறிக்குக் காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல், மாத்திரை அட்டையுடன் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

குணமடைந்தபின் திடீரென நிறுத்தினால் குமட்டலும் உறக்கமின்மையும் வரக்கூடும் ஆதலால், மருத்துவர் மெல்ல மெல்லக் குறைக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். வாழ்வே வேண்டாம் எனத் தோன்றும் வேளையில், இந்தியாவில் இருப்போர் தயங்காமல் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்க வேண்டுகிறோம்.