கடற்கரை மணற்கேணி

சேலத்திற்குக் கிழக்கே அமைந்த அயோத்தியாப்பட்டணம் கடலைக் காணாத ஊர். வடக்கே சேர்வராயன் மலையும் தெற்கே ஜருகுமலையும் நிற்க, இடையே மானாவாரிப் புன்செயும் கிணற்றுப் பாசன நன்செயுமாக விரிந்து கிடப்பது எங்கள் நிலம். இங்குக் கிணறு என்றால் பாறையைப் பிளந்து இறக்கிய கிணறுதான். அறுபது எழுபது அடி தோண்டிய பின்னரே நீர் முகம் காட்டும். இன்றோ ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் கடந்து செல்கின்றன. ஆழம் போனால் நீர் உண்டு என்பது இவ்வூர்க் குழந்தை தாய்ப்பாலோடு கற்கும் பாடம்.

நான் அப்பகுதியில் தமிழாசிரியனாக இருந்தபோது ஒருநாள் நெய்தல் திணையை நடத்திக்கொண்டிருந்தேன். ‘கானல்’ என்னும் சொல் வந்தது. கடற்கரைச் சோலை என்று பொருள் கூறினேன். “ஐயா, கடற்கரை மணல் அன்றோ? மணலில் சோலை எவ்வாறு வளரும்? உப்பு நீரை மரம் குடிக்குமோ?” என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டான். அவன் கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன். ஒன்பதாம் வகுப்பில் மூத்தவன். நான் நிகண்டு கற்றவன். ஆனால் கானலை அதுவரை கண்ணால் கண்டவன் அல்லன். ஏதோ ஒரு விடை கூறி அன்றைய வகுப்பை முடித்தேன். எனினும் அவ்வினா என்னை விடவில்லை. 1996 ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் சாரண மாணவர் இருபத்து நால்வரை அழைத்துக்கொண்டு கோடிக்கரைக்குச் சென்று மூன்று நாள் பாடி இறங்குவதென முடிவாயிற்று.

பாடி என்னும் சொல்லைக் கண்டு மாணவர்கள் மயங்க வேண்டா. வெளியிடத்தில் கூடாரம் அமைத்துத் தங்குவதை இக்காலத்தார் முகாம் என்பர். நம் முன்னோர் அதனைப் பாடி என்றும், போர்க்களத்தில் அமைந்ததாயின் பாசறை என்றும் வழங்கினர். பத்துப்பாட்டில் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு, 103 அடிகளே உடையது. அதில் நப்பூதனார் காட்டிடை அமைந்த பாசறை ஒன்றை நம் கண்முன் நிறுத்துகிறார். காட்டாற்றின் அருகே இடம் தேர்கின்றனர்; பிடவம் முதலிய புதர்களை வெட்டி வெளியாக்குகின்றனர்; முள்ளால் வேலி வளைக்கின்றனர்; தழை வேய்ந்த குடில்கள் தெருத் தெருவாக எழுகின்றன; நாழிகை வட்டில் கொண்டு பொழுதளந்து கூறுவோரும் உளர். முதலில் நீர், அடுத்துத் தரை, அதன்பின் காவல் என்ற அம்முறையில் இன்றைய சாரணர் கையேடு திருத்துவதற்கு எதுவும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் புன்னை நிழலில், புதுமணற் பரப்பில் ஓவியத்திரை சூழ்ந்து, மேலே விதானம் கட்டித் தங்கியதும் ஒருவகைப் பாடியே. கானல்வரி அங்கேதான் பாடப்பெற்றது; அவர்தம் பிரிவும் அங்கேதான் நேர்ந்தது.

மேலைநாட்டிலும் சாரணர் இயக்கம் கடலருகே மரம் அடர்ந்த ஓரிடத்தில்தான் பிறந்தது. 1907 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பேடன் பவல் என்பார் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சித் தீவில் இருபது சிறுவரைக் கூட்டிச் சென்று கூடாரத்தில் தங்கச் செய்தார். செல்வர் மைந்தரும் உழைப்பாளர் மைந்தரும் ஒரே கூடாரத்தில் உறங்கியது அந்நாட்டில் அக்காலத்திற்குப் புதுமை. நம் நாட்டில் பாரத சாரணர் இயக்கம் 1950 நவம்பர் 7 இல் உருவாயிற்று.

எங்கள் ஊரிலிருந்து நாமக்கல், திருச்சி, தஞ்சை வழியாகக் கோடிக்கரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வழியில் வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் வண்டியை நிறுத்தினோம். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராசாசி, 1930 ஏப்ரல் 13 இல் திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் நடந்து, 28 ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்து, 30 ஆம் நாள் தடையை மீறி உப்பு அள்ளிய இடம் அது. தொண்டர்க்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் என்பார் ஆணையிட்டிருந்தார். அவ்வாணைக்குப் பின்னும் வழியூர் மக்கள் அவர்களைப் பட்டினி போடவில்லை. மாணவர்கள் ஆளுக்கொரு கல் உப்பை நாவில் வைத்துச் சுவைத்தனர். அடுத்த நாள் காலையில் அச்சுவை எங்களுக்கு வேறு வகையில் வாய்க்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

கோடிக்கரை, தமிழகக் கடற்கரை திடுமென மேற்கே மடங்கித் திரும்பும் முனை. வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் அங்கே கூடுகின்றன. மணல்மேடுகளின்மேல் என்றும் பசுமை மாறாத உலர்காடு படர்ந்திருக்கிறது. பாலை, நாவல், உகாய் முதலியவை அங்கு நெருங்கி நிற்கும். இக்காடு 1967 ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. பரப்பு ஏறக்குறைய 17 சதுரக் கிலோமீட்டர். காட்டினுள் ஒரு மேட்டின்மேல் இராமர் பாதம் உள்ளது. இராமன் அங்கு நின்று இலங்கையை நோக்கினான் என்பது அவ்வூர் வழக்கு. அவன் இலங்கையிலிருந்து மீளும்போது எங்கள் ஊரில் தங்கி முடிசூடிக்கொண்டான் என்பது எங்கள் கோதண்டராமர் கோயிலின் வழக்கு. ஆகவே, “நாமும் அவர் வந்த வழியே வந்திருக்கிறோம்” என்று ஒரு சிறுவன் கூறியதில் பிழை காண எனக்கு மனமில்லை.

புகலிடத்தினுள் கூடாரம் அடிக்க இசைவு இல்லை. எல்லைக்கு வெளியே, காட்டை ஒட்டிய சவுக்குத் தோப்பில் பாடி இறங்கினோம். முதல் இடர் முளையடிப்பதில் வந்தது. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் முளை ஒருமுறை இறங்கினால் எருது கட்டினாலும் பெயராது. மணலிலோ காற்று ஒருமுறை அசைத்ததும் முளைகள் துள்ளி வெளிவந்தன. பின்னர், ஒரு முழம் ஆழத்தில் கட்டையைக் குறுக்கே கிடத்தி, அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, மேலே மணலை மிதித்து மூடினோம். செங்குத்தாக நின்றபோது பயன்படாத கட்டை படுத்தபோது பயன்பட்டது. தை மாதத்து வாடைக்கு வாயில் காட்டாமல் கூடாரங்களைத் தென்மேற்கு நோக்கி நிறுத்தினோம்.

இரண்டாம் இடர் பெரிது. கொண்டுவந்த இரண்டு பீப்பாய் நீரில் ஒன்று வழியிலேயே கசிந்து பாதியாகியிருந்தது. எங்களை இறக்கிவிட்ட வண்டியோ மூன்றாம் நாளே திரும்பி வரும். ஊர் நெடுந்தொலைவு. நான் கவலையோடு நிற்க, கிணற்றுக்காரர் மகன் மண்வெட்டியை எடுத்தான். மேட்டின் அடிவாரத்தில் இரண்டு முழம் தோண்டினான், நீர் கசிந்தது. சுவைத்துப் பார்த்தோம்; இளநீர் போல் இனித்தது! கடல் இருநூறு அடி தொலைவில் இரைந்துகொண்டிருக்க, இங்கே நன்னீர். மாணவர்கள் ஆர்ப்பரித்தனர். நானும் மகிழ்ந்து, வள்ளுவர் கல்விக்கு உவமையாகக் கூறிய மணற்கேணியை நினைவூட்டி, தோண்டத் தோண்ட ஊறும் என்று விளக்கவும் செய்தேன். அவன் அதைக் கட்டளையாகக் கொண்டான். இன்னும் நான்கு முழம் இறக்கினான். மாலையில் இருபத்து நால்வரும் வாளி வாளியாக இறைத்து நீராடினர்.

விடியற்காலையில் அந்நீரில் சமைத்த பொங்கலை வாயில் வைக்க முடியவில்லை. கேணியில் நீர் நிறைந்துதான் இருந்தது. ஆனால் கடல்நீர்க் கரிப்பு. பீப்பாயில் எஞ்சியது ஆளுக்கு இரண்டு குவளை. இளைய மாணவன் ஒருவன் அழத் தொடங்கினான். மூத்தவன் குழியின் விளிம்பில் அமர்ந்து யாரையும் நோக்காமல் இருந்தான். பாடியைக் கலைத்து ஊருக்குள் நடப்பதே வழி என்று எண்ணினேன்.

அப்போது சவுக்குச் சருகு அரிக்க வந்த மீனவ மூதாட்டி ஒருவர் எங்கள் கேணியை எட்டிப் பார்த்தார். “யார் தம்பி இவ்வளவு பள்ளம் பறித்தது?” என்றார். மாணவன் எழுந்து நின்றான். “ஆழம் போனால் நிறைய ஊறும் என்று பறித்தேன், பாட்டி.” மூதாட்டி சிரித்துவிட்டு, “நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, தம்பி. கீழே கிடப்பது கடல். பாலில் ஆடை எடுப்பதுபோல் எடுக்க வேண்டும்” என்று கூறி, நாற்பது அடி தள்ளி மேட்டின் உட்பக்கம் அமர்ந்து கையால் மணலை விலக்கினார். முழங்கை ஆழத்தில் ஈரம் பளபளத்தது. கொட்டாங்குச்சியால் மெல்ல மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றினார். குடம் நிறையக் கால் நாழிகைக்கு மேலாயிற்று. “ஒரே ஊற்றில் ஊரே இறைக்காதீர்கள், நாலு இடத்தில் பறித்துக்கொண்டு மாறி மாறி மொள்ளுங்கள்” என்றார். அவ்வாறே ஐந்து ஊற்றுகள் பறித்தோம். மூன்றாம் நாள் மாலை வரை அவை எங்களைக் காத்தன.

அவர் ஒரு சொற்றொடரில் கூறியதை அறிவியலார் கணக்கால் கூறுவர். நன்னீர் ஒரு லிட்டர் 1000 கிராம். கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். ஆதலால் மணலுக்குள் ஊறிய மழைநீர், கனத்த கடல்நீரின்மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்கும். இரண்டிற்கும் வேறுபாடு 25. ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள்: 40. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்குக் கடலை அமுக்கி வைத்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் பாடன் கைபனும், 1901 இல் செருமானியர் எர்ஸ்பெர்க்கும் தனித்தனியே இதனைக் கண்டனர். இக்கணக்கின் மறுபக்கம்தான் எங்களைச் சுட்டது. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் தாழ்த்தினால், அடியிலுள்ள உப்பு நீர் அதற்கு நாற்பது மடங்கு மேலேற முயலும். மணல்மேடு குறுகியதாயின் மிதக்கும் நன்னீரும் சிறிதே. காடு அம்மேட்டை வேரால் பற்றிக்கொண்டு நிற்கிறது. மேடு நிற்பதால் ஐப்பசி கார்த்திகை மழை அதனுள் தங்குகிறது. அந்நீரை உண்டு காடு வாழ்கிறது. மணலில் சோலை எவ்வாறு வளரும் என்று அவன் வகுப்பில் கேட்ட வினாவுக்கு அன்றுதான் விடை கூறினேன்.

ஆனால் அவனிடம் மற்றொரு வினா இருந்தது. “அப்படியானால் வள்ளுவர் கூறியது?” என்றான். அவர் கூறியது ஆற்றுமணற் கேணி என்றேன். “குறளில் ஆறு என்ற சொல் இல்லையே, ஐயா” என்றான். இதற்கு விடை கூற அன்று என்னால் இயலவில்லை.

காட்டினுள் கண்டவற்றை விரிப்பின் பெருகும். முறுக்குண்ட கொம்புடைய வெளிமான் கூட்டத்தைக் கண்டோம். சங்கப் புலவர் இரலை என்றது இதனையே. அவற்றுக்கென வெட்டிய நன்னீர்க் குட்டைகளின் ஓரத்தில் குளம்புச் சுவடுகள் நெருங்கிக் கிடந்தன. சதுப்பில் பூநாரைகள் தலைகீழாக அலகைத் தோய்த்து மேய்ந்தன. நண்பகலில் உப்புவெளி நெடுக நீர் அலைவதுபோல் தோன்றவே, சிறுவர்கள் “ஏரி, ஏரி” என்றனர். கானல் என்ற சொல்லுக்குப் பேய்த்தேர் என்ற பொருளும் உண்டு என்பதை விளக்க எனக்கு அங்கே வேலை மிச்சம்.

புறப்படும்போது பெரிய கேணியையும் ஐந்து ஊற்றுகளையும் மூடினோம். மான்குட்டி விழலாகாது என்பது ஒரு காரணம். மூத்த மாணவன் தன் கேணியைத் தானே மூடுவேன் என்றான்; பிறர் உதவியை ஏற்கவில்லை.

2018 நவம்பர் 16 இல் கசா புயல் வேதாரணியப் பகுதியில் கரையேறியது. கோடிக்கரைக் காட்டில் மரங்கள் திரள் திரளாகச் சாய்ந்தன. அடுத்த ஆண்டு நான் மீண்டும் அங்குச் சென்றேன். உடன் வந்தவன் அதே மாணவன். இன்று சேலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திர வண்டியின் உரிமையாளன். சவுக்குத் தோப்பு இல்லை. சாய்ந்து கிடந்த பாலை மரங்களின் அடியில் தளிர்கள் தெரிந்தன. அவன் மேட்டின் உட்பக்கம் மண்டியிட்டுக் கையால் மணலை விலக்கினான். முழங்கைக்கு மேல் இறக்கவில்லை. நீர் கசிந்தது. மொண்டு நாவில் வைத்தான், சிறிது கரித்தது. எனக்கும் கொடுத்தான். வழியே சென்ற ஓர் இளைஞர், “கடல் ஏறி வந்துவிட்டதல்லவா? இரண்டு மழை பெய்தால் தெளியும், ஐயா” என்றார்.

“அடுத்த தையில் வந்து பார்ப்போம், ஐயா” என்று கூறிக்கொண்டே, அவன் இரு கைகளாலும் மணலை இழுத்துக் குழியை மூடினான்.