வீட்டுக் கணினியில் கடவுச்சொல் தொல்லைகள்

எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த வார்டு உறுப்பினர் ஒருவர், மகன் வெளியூர் வேலைக்குப் போகையில் விட்டுச் சென்ற பழைய மேசைக் கணினியை வீட்டுக் கணக்குகளுக்குப் பயன்படுத்தி வந்தார். விண்டோஸ் 7 கொண்ட கணினி அது. ஒரு நாள் அதைத் திறக்கும் கடவுச்சொல் அவருக்கு மறந்துபோயிற்று. பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றார். அவரும் கால்மணி நேரத்தில் புதிய சொல்லை வைத்துத் திறந்து கொடுத்தார். வீட்டிற்கு வந்து பார்த்தபோது, குரோம் உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களுள் ஒன்றுகூடப் பயன்படவில்லை. பயிர்க் காப்பீட்டு ரசீதுகள் இருந்த மின்னஞ்சல் கணக்கும் அவற்றுள் ஒன்று. அக்கணக்கில் மீட்புக்கெனக் கொடுத்திருந்த தொலைபேசி எண்ணோ, அவர் எப்போதோ கைவிட்ட எண். அந்த ரசீதுகள் இன்றுவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

இது ஏன் நேர்ந்தது என்பதை அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். குதிரின் சாவியை ஒரு பெட்டியில் வைத்து, அப்பெட்டியையும் பூட்டி வைப்பது போன்றது இவ்வேற்பாடு. சேமித்த சொற்களை விண்டோஸ் ஒரு மறைச் சாவியால் பூட்டுகிறது; அச்சாவியையோ நாம் கணினியைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கொண்டே காக்கிறது. பழைய சொல்லை அறிந்த நாமே அதை மாற்றினால் பெட்டியின் பூட்டும் உடன் மாறிவிடும். பழைய சொல்லை அறியாத பிறர் வலிந்து மாற்றினால், வாசற்கதவு திறக்குமேயன்றிப் பெட்டி திறவாது. பின்னர் பழைய சொல் நினைவுக்கு வருமாயின், அதையே மீண்டும் வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் பலன் கிட்டும். பயர்பாக்ஸ் உலாவி தன் சாவியைத் தனியே வைத்துக்கொள்வதால், இவ்விடர் அதற்கு இல்லை. குரோமில் கூகுள் கணக்கோடு இணைத்துச் சேமித்திருந்தால், அதே கணக்குள்ள கைப்பேசியிலும் சொற்களைக் காணலாம்.

ஆகவே, கடவுச்சொல் மறந்தது என முடிவு செய்வதற்கு முன் விசைப்பலகையைப் பாருங்கள். பெரிய எழுத்து விசை அழுந்தி நிற்கலாம். எண் விசைகள் அணைந்திருக்கலாம். தமிழ்த் தட்டச்சிலேயே கணினி நின்றிருக்கலாம். பயனர் பெயர் எழுதும் கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்தால் எழுத்துக்கள் கண்ணுக்குத் தெரியும். பார்த்தவுடன் அழித்துவிட வேண்டும்.

கணினி ஒழுங்காகத் திறக்கும் காலத்திலேயே, உலாவியின் அமைப்புகளுக்குச் சென்று, சேமித்த சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வையுங்கள். எழுதி வைத்தல் ஆகாது என்பாரும் உளர். கிராமத்து வீட்டில், பூட்டிய பீரோவில் உள்ள ஏட்டைவிட மறதியே பெரிய திருடன் என்பது என் கருத்து. மின்னஞ்சல் கணக்கில் இப்போது உபயோகத்திலுள்ள தொலைபேசி எண்தான் இருக்கிறதா என்பதையும் அன்றே சரிபார்த்துவிடுதல் வேண்டும்.

மற்றொரு தொல்லை கடிகாரத்தால் வருவது. கடவுச்சொல் சரியாயிருந்தும், ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்று உலாவி மறுக்கும். ஒவ்வொரு வலைத்தளமும் தன்னை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாள் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், இன்று செல்லும் சான்றிதழும் அதற்குச் செல்லாததாகவே தோன்றும். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே செல்லுதல் கூடாது; நாளையும் நேரத்தையும் திருத்தினாலே போதும். மின்சாரத்தை நிறுத்தும்தோறும் நாள் பின்னோக்கிப் போகுமாயின், தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது எனக் கொள்க. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் மின்கலம். மின் இணைப்பை முற்றும் நீக்கிய பின்னரே அதை மாற்ற வேண்டும். மடிக்கணினியாயின் தொழிலறிந்தவரிடம் விடுவதே தக்கது.

இவையெல்லாம் செய்தும் சில தளங்கள் திறவாமற் போகலாம். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு முடிந்தது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு குரோமும் அதற்குப் புதிய பதிப்புகள் தருவதை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அத்தகைய பழைய கணினியைக் கணக்கு எழுதவும் கடிதம் அச்சிடவும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்க வேண்டாம்.